கொக்கிப்புழு: சொட்டுச் சொட்டாகக் கரையும் இரும்பு

வயிற்றில் பூச்சி இருந்தால் நாம் சாப்பிடுவதையெல்லாம் அது தின்றுவிடும் என்பது பலரின் எண்ணம். உருளைப்புழு விஷயத்தில் அது ஓரளவு சரி. கொக்கிப்புழு தேடி வருவதோ இரத்தத்தை.

நீளம் சுமார் 1 செ.மீ.தான். சிறுகுடலின் உட்சுவரைக் கொஞ்சம் வாய்க்குள் இழுத்துக் கவ்விக்கொண்டு, இரத்தம் உறையாதபடி ஒரு புரதத்தைச் சுரக்கும். அவ்வப்போது இடம் மாறிக் கடிக்கும். விட்டுப்போன காயத்திலிருந்தும் கொஞ்ச நேரம் இரத்தம் கசியும். மனிதரைப் பிடிக்கும் கொக்கிப்புழுவில் முக்கியமாக இரண்டு இனங்கள். அவற்றில் பெரிய இனத்தைச் சேர்ந்த ஒரு புழுவால் நாளொன்றுக்குப் போகும் இரத்தம் ஏறக்குறைய 0.2 மி.லி. அற்பம்தானே என்று தோன்றும். 100 புழுக்கள் இருந்தால் 20 மி.லி. ஆகிவிடும். ஒரு மி.லி. இரத்தத்தில் சுமார் 0.5 மி.கி. இரும்பு உண்டு, ஆக, தினமும் 10 மி.கி. குடலுக்குள் வடிகிறது. அதில் ஒரு பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆனாலும் உணவிலிருந்து உடம்பு சாதாரணமாக ஏற்பது நாளுக்கு 1 முதல் 2 மி.கி. இரும்புதான். இந்த நட்டம் மாதக்கணக்கில் நீடித்தால் இரத்தசோகை வராமல் என்ன செய்யும்? முகம் வெளிறும், படியேறினால் மூச்சு வாங்கும், பிள்ளைகளுக்கு வளர்ச்சியும் படிப்பும் பின்தங்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் இதைச் ‘சோம்பேறித்தனத்தின் கிருமி’ என்றே எழுதின. நோயாளியைப் பார்த்துச் சோம்பேறி என்று திட்டியதற்கு அது எவ்வளவோ மேல்.

புழு உள்ளே வரும் வழி இன்னும் விசித்திரம். கெய்ரோவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியரின் கையில், 1890களில், இளம்புழுக்கள் கலந்த நீர் தவறிச் சிந்தியது. அந்த இடம் சிவந்து அரித்தது. பின்னர் அவர் மலத்திலேயே புழு முட்டைகள் தென்பட்டன. தோலைத் துளைத்த இளம்புழு இரத்தத்தோடு இதயம் வழியே நுரையீரலுக்குப் போகிறது. மூச்சுக்குழாயில் ஏறித் தொண்டைக்கு வருகிறது. அங்கே நாமே அதை விழுங்கிவிடுகிறோம்.

மலத்தோடு வெளியேறும் முட்டை, ஈரமும் நிழலும் உள்ள வெதுவெதுப்பான மண்ணில் ஓரிரு நாளில் பொரியும். 5 முதல் 10 நாளில் இளம்புழு அடுத்தவர் பாதத்துக்குக் காத்திருக்கும். குடலுக்குள் இவை பெருகுவதில்லை. எத்தனை நுழைந்தனவோ அத்தனைதான். அதனால் 400 மி.கி. அல்பெண்டசோல் மாத்திரை ஒன்றே பெரும்பாலானவற்றை ஒழித்துவிடும். இழந்த இரும்பை அது தராது, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை தனியாக வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்தில் அதே மண்ணை மறுபடி மிதிப்பவருக்குப் புழுவும் மறுபடி வரும். செருப்பு நல்ல காவல். ஆனால் பெரிய இனம் வாய்வழியாகவும் நுழையும் என்பதால், பச்சையாகத் தின்னும் காய்களைக் கழுவாமல் செருப்பை மட்டும் நம்ப முடியாது.