ஒரு செய்திக்காக ஃபோன் முழுவதையும் அழிக்காதீர்கள்

வாட்ஸ்அப்பைத் திறந்த மறுநொடியே மூடிக்கொள்கிறது என்று சொல்லி மதுரை டவுன்ஹால் ரோட்டிலுள்ள எங்கள் ஃபோன் பழுதுபார்ப்புக் கடைக்கு வருபவர்களில் பலர், யாரோ ஒருவர் பேச்சைக் கேட்டுச் செய்யக்கூடாததைச் செய்து முடித்த பிறகே வருகிறார்கள். அண்மையில் வந்தவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் பெரியவர். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிகள் எத்தனை கிலோ மல்லி கொண்டுவந்தார்கள், அன்றைக்கு என்ன விலை போனது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் சிட்டைகளின் படங்களாகவும் குரல் பதிவுகளாகவும் அவருடைய வாட்ஸ்அப்பில்தான் இருந்தன. ஒரு குழுவில் வந்த விசித்திரமான எழுத்துக் குவியலைத் தொட்டதிலிருந்து செயலி திறந்து நிற்காமல் மூடிக்கொள்கிறது என்றதும், வேறோர் இடத்தில் "வைரஸ் ஏறிவிட்டது" என்று சொல்லி ஃபோனை ரீசெட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பேக்கப் (தனியே எடுத்து வைத்த நகல்) இல்லை. இன்றைய ஃபோன்களில் தகவல்கள் பூட்டப்பட்டே சேமிக்கப்படுகின்றன. ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவியே அழிந்துவிடுவதால் எந்த மென்பொருளாலும் அவற்றை மீட்க முடியாது. அதை அவரிடம் எடுத்துச் சொல்வதுதான் என்னால் ஆன வேலையாக இருந்தது.

இது வைரஸ் அன்று. தயவுசெய்து இதை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். வைரஸ் என்பது ஃபோனுக்குள் புகுந்து தானாக இயங்கும் நிரல். இங்கே வந்திருப்பதோ செயலியால் திரையில் வரைந்து காட்ட முடியாத ஒரு செய்தி. அதைக் காட்ட முயலும்போது செயலி நிலைகுலைந்து மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தச் செய்தி செயலியின் சேமிப்பில் அப்படியே இருப்பதால், மீண்டும் திறக்கும்போது மீண்டும் காட்ட முயன்று மீண்டும் விழுகிறது. ஆகவேதான் ஃபோனை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. உங்கள் ஃபோனில் பழுதில்லை, வங்கிக் கணக்கை யாரும் திறந்துவிடவில்லை, ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டால் அது கண்டுபிடிக்கப் போவதும் எதுவுமில்லை. நீக்க வேண்டியது அந்த ஒரு செய்தியை மட்டுமே.

இதற்கு முன்னுதாரணங்கள் ஏராளம். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐஃபோன்களில் பல செயலிகளை முடக்கியது, ஆப்பிள் தன் ஐஓஎஸ் மென்பொருளின் 11.2.6 பதிப்பில் அதைச் சரிசெய்தது. 2019இல் செக் பாயிண்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட வாட்ஸ்அப் குழுக் கோளாறு இன்னும் மோசமானது: செயலியை நீக்கி மறுபடி நிறுவிய பிறகு அந்தக் குழுவையே நீக்க வேண்டியிருந்தது. 2023 மே மாதத்தில் வாட்ஸ்அப்பின் அமைப்புப் பக்கத்தைக் குறிக்கும் சிறு இணைப்பு ஒன்று, ஆண்ட்ராய்டில் அந்த உரையாடலைத் திறந்தவுடன் செயலியை மூடச் செய்தது. கணினியிலுள்ள வாட்ஸ்அப் வெப் வழியாக அந்த இணைப்பை அழித்தவர்கள் தப்பித்தார்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பிளே ஸ்டோரில் செயலியைப் புதுப்பியுங்கள். பல நேரம் அதோடு முடிந்துவிடும். செயலி திறந்து, குறிப்பிட்ட உரையாடலைத் தொட்டால் மட்டும் மூடுகிறது என்றால் அதைத் தொடாமல், மேலே மூன்று புள்ளிகளை அழுத்தி, இணைத்த சாதனங்கள் வழியாக ஒரு கணினியை இணைத்து, அங்கிருந்து அந்தச் செய்தியை நீக்குங்கள். குழுவாக இருந்தால் அட்மினிடம் ஃபோனில் பேசி, அனைவருக்குமாக அழிக்கச் சொல்லுங்கள். அனுப்பியவரும் ஏறத்தாழ 2 நாட்களுக்குள் அப்படி அழிக்கலாம். உரையாடல் பட்டியலே திறக்கவில்லை என்றால், அதே உரையாடலில் யாரையாவது சாதாரணச் செய்தி ஒன்றை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். பட்டியலில் தெரியும் கடைசி வரி மாறினால் செயலி மூடாமல் திறந்திருக்க வாய்ப்புண்டு. என்ன ஆகிறது பார்ப்போம் என்று அந்தச் செய்தியை மைத்துனருக்கும் மச்சானுக்கும் ஃபார்வர்டு செய்கிறவர்களிடம் நான் என்ன சொல்வது!

எதுவும் பலிக்காதபோதுதான் செயலியை நீக்கி மறுபடி நிறுவும் பேச்சு வர வேண்டும். 'டேட்டாவை அழி' என்ற பொத்தானும் உரையாடல்களை அழிப்பதே என்பதால் அதையும் முன்கூட்டி அழுத்திவிடாதீர்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் டேட்டாபேஸ் கோப்புறையை முதலில் கணினிக்கு நகலெடுங்கள். செயலி நாள்தோறும் அதிகாலை 2 மணிக்கு ஃபோனுக்குள் ஒரு பேக்கப் எடுத்து, சில நாட்களுடையதைத் தேதியிட்டு வைத்திருக்கும். ஆகவே அந்தச் செய்தி வந்ததற்கு முந்தைய நாளின் நகலை எடுத்து மீட்க முடியும். கூகுள் கணக்கிலோ கடைசியாக எடுத்த பேக்கப் மட்டுமே இருக்கும். அதில் இந்தச் செய்தியும் சேர்ந்திருந்தால், மீட்டெடுத்ததும் பழைய தொல்லை திரும்பி வரும். எனவே பிரச்சினை வந்த அன்றே கடைக்கு வாருங்கள், ஒரு வாரம் கழித்து வராதீர்கள்.

எங்களிடம் வரும் முதியவர்களில் பலருடைய வாட்ஸ்அப் எண், ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செத்துப்போன சிம்மில் இருக்கிறது. செயலியை நீக்கிவிட்டால் மறுபடி நுழைய அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். சிம் இல்லையென்றால் பெரும்பாலும் கணக்கும் இல்லை. இரண்டு படிச் சரிபார்ப்புக்கு வைத்த 6 இலக்க எண்ணை மறந்து, மீட்பு மின்னஞ்சலும் கொடுக்காதவர்கள் 7 நாட்கள் காத்திருக்க நேரும். இவ்விரண்டையும் கேட்காமல் செயலியை நீக்க முற்படும் கடைக்காரரிடமிருந்து ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்மையில் நீங்கள் அஞ்ச வேண்டியது ஏபிகே கோப்புகளுக்குத்தான், அதாவது பிளே ஸ்டோர் வழியாக அல்லாமல் நேரடியாக அனுப்பப்படும் செயலிகளுக்கு. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயர்களில் வரும் அவற்றை நிறுவினால்தான் பணம் போகும். போய்விட்டால் உடனே இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள். பிறர் மாற்றியமைத்து வெளியிடும் அதிகாரபூர்வமற்ற மோட் வாட்ஸ்அப்களை வைத்துக்கொண்டு என்னிடம் பாதுகாப்புப் பற்றிக் கேட்காதீர்கள். அமைப்புகளில், உங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்ற இடத்தில் 'என் தொடர்புகள்' என்று மாற்றிவிடுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மா அப்பாவின் ஃபோனில் பேக்கப் ஓடுகிறதா, அந்தச் சிம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.