எந்த மொட்டை எழுப்புவது? நர்சரி இச்சி போன்சாய் ஆகும் விதம்

முதல் போன்சாய்க்கு என்ன செடி வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் இச்சி என்றுதான் சொல்வேன். ஆல், அரசு, அத்தி எல்லாவற்றுக்கும் அது நெருங்கிய சொந்தம். நர்சரியில் இச்சி என்று கேட்டால் சிலருக்குப் புரியாது, ஃபைகஸ் என்றால் உடனே காட்டிவிடுவார்கள். வேலியோரம் நடுவதற்காகக் கறுப்புக் கவரில் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் நான் வாங்கியது இரண்டரை அடி உயரம், விலை 150 ரூபாய். நாலாபக்கமும் இலை. உள்ளே கையை விட்டுத் துழாவினால்தான் தண்டு தட்டுப்படும். இந்தப் பச்சைப் பொதிக்குள்ளிருந்து ஒரு வயசான மரத்தின் சாயலை எப்படி வெளியே கொண்டுவருவது?

அதற்கு முன்னால் ஒரு விஷயம். போன்சாய் என்றால் செடியைப் பட்டினி போட்டு, கட்டிப்போட்டு, குள்ளமாக்கிச் சாகடிப்பது என்று நம் வீடுகளில் பலர் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன், ஆனால் நடப்பது அதுவல்ல. போன்சாய் வைக்கும் ஆழமில்லாத தட்டில் இருப்பது குட்டை ரகம் கிடையாது, சாதாரண மரம்தான். அதே செடியைத் தரையில் நட்டால் கூரைக்கு மேலே போகும். ஆயுளும் குறைவதில்லை. ஜப்பானின் வெள்ளை பைன் மரம் ஒன்று 1625 முதல் தொட்டியில் வளர்ந்து வருகிறது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தள்ளி, யாமாகி குடும்பத்தின் வீட்டுச் சுவருக்குப் பின்னால் அது இருந்தது. தப்பித்துவிட்டது. 1976இல் அந்தக் குடும்பம் அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. இன்றும் வாஷிங்டனில் துளிர் விட்டுக்கொண்டிருக்கிறது.

சரி, இச்சிக்கு வருவோம்.

செடியை வாங்கியதும் கை கத்தரிக்கோலுக்குத்தான் போகும். முதலில் போக வேண்டியது மண்ணுக்கு. நர்சரியில் கவர் மாற்றும்போதெல்லாம் மேலே மண் ஏறிக்கொண்டே போகும். ஒரு சின்னக் குச்சியால் மேல்மண்ணைக் கிளறி எடுத்தேன். இரண்டு அங்குலம் இறங்கியதும் தண்டு சட்டென்று பருத்து, வேர்கள் நாலு பக்கமும் பிரிந்தன. ஜப்பானியர் இதற்கு நெபாரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேர் எந்தப் பக்கம் அழகாக விரிந்திருக்கிறதோ அதுதான் மரத்தின் முகம். முகம் தெரிந்த பிறகே எந்தக் கிளை இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று யோசிக்க முடியும்.

இனி கவாத்து. நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும் என்பது மல்லிகை வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான். ஏன் வெடிக்கிறது?

செடியின் ஒவ்வொரு இலைக்கோணத்திலும் ஒரு மொட்டு இருக்கிறது. அது முளைக்கத் தயாராக இருந்தும் தூங்குகிறது. நுனியில் இருக்கும் இளந்துளிர் ஆக்சின் என்ற ஹார்மோனைச் செய்து தண்டு வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் காரணம். மணிக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் அது இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும்வரை கீழ்மொட்டுகள் பெரும்பாலும் எழாது. பள்ளிப் பாடத்தில் நுனி ஆதிக்கம் என்று படித்திருப்போமே, அது இதுதான். 1930களில் திமான், ஸ்கூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவரை வகைச் செடி ஒன்றின் நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் ஆக்சின் கலந்த கட்டியை வைத்துப் பார்த்தார்கள். நுனி இல்லாமலேயே மொட்டுகள் தூங்கிக்கொண்டிருந்தன.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. நுனியை வெட்டியதும் கீழே தூரத்தில் உள்ள மொட்டுகூடச் சில மணி நேரத்தில் அசைய ஆரம்பிக்கிறது. ஆக்சின் குறைந்த செய்தி அவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேர முடியாது. அப்படியென்றால் எழுப்பியது யார்? 2014இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டாணிச் செடியில் விடை கண்டார்கள்: சர்க்கரை. வளரும் நுனி அகோரப் பசியோடு சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கிறது. அது போனதும் மிச்சமாகும் சர்க்கரை மொட்டுகளுக்குப் பாய்கிறது, முதலில் தட்டி எழுப்புவது அதுதான். அதற்குப் பிறகு ஆக்சின் குறைவதும், வேர்நுனிகளில் பெரிதும் உருவாகும் சைட்டோகைனின் மேலே வருவதும் சேர்ந்து, எழுந்த மொட்டைக் கிளையாக்குகின்றன. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். கத்தரிக்கோல் செய்வது குறைப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். செடிக்குள் அது பங்கீட்டையே மாற்றி எழுதுகிறது.

இது புரிந்தால் எங்கே வெட்டுவது என்பதும் புரியும். வெட்டுக்குக் கீழே இருக்கும் முதல் மொட்டு எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம்தான் புதுக்கிளை போகும். வெளிப்பக்கம் பார்க்கும் இலைக்கு மேல் வெட்டினால் கிளை வெளியே விரியும். உள்பக்க இலைக்கு மேல் வெட்டினால் கிளை தண்டை நோக்கித் திரும்பி வரும், அடுத்த வருடம் அதையே வெட்ட வேண்டியிருக்கும். கிளையின் திசையை முடிவு செய்வது அந்த ஓர் இலைதான்.

என் செடியில் தண்டு எட்டு அங்குலத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பருமனாக நேரே மேலே போனது. இன்னொன்று பென்சில் கனத்தில் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. பருமனை வைத்துக்கொண்டு மெலிந்ததை வெட்டத்தான் மனம் சொல்லும். நான் பருமனை வெட்டினேன். வயதான மரத்தின் தண்டு அடியில் பருத்து, ஒவ்வொரு கிளைப்பிரிவிலும் மெலிந்துகொண்டே போகும். கிளைகளின் குறுக்குவெட்டுப் பரப்பை எல்லாம் கூட்டினால் கீழ்த்தண்டின் பரப்பு வரும் என்று லியோனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். துல்லியமான விதி இல்லை என்றாலும் நம் கண் மரத்தின் வயதை அந்தக் கணக்கில்தான் படிக்கிறது. மெலிந்த கிளையை நிமிர்த்தித் தலைவனாக்கினால் ஓரடி உயரத்திலேயே அடி பருத்து மேலே மெலியும் அந்தத் தோற்றம் கிடைத்துவிடும்.

வெட்டியதும் பால் வந்தது. நடுக்கட்டையிலிருந்து வரவில்லை. பட்டைக்கு உள்பக்கம் ஒரு வளையமாக, ஊசி குத்திய துளிகளாகக் கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்தது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். சிலருக்குத் தோலில் அரிக்கும், அதனால் கையுறை நல்லது. காற்றுப் பட்டதும் அது உறைந்து காயத்தை மூடுகிறது. பூச்சி கடித்தால் வாயில் ஒட்டிக்கொள்வதும் இதே பால்தான். மனிதத் தோலைப் போல மரம் காயத்தை ஆற்றுவதில்லை. காயம்பட்ட கட்டையைச் சுற்றி உள்ளே சுவர் எழுப்பித் தனிமைப்படுத்திவிட்டு, வெளியே புதுத் திசுவை ஓரத்திலிருந்து உருட்டி மூடுகிறது. வெட்டு வழவழப்பாக இருந்தால் அந்த உருட்டல் சீராக வரும். மழுங்கிய கத்தரிக்கோலால் நசுக்கிவிடாதீர்கள்.

பதினெட்டாம் நாள் காலையில் தண்ணீர் ஊற்றும்போது பார்த்தேன். இச்சித் தண்டைச் சுற்றி மோதிரம் போலக் கோடுகள் ஓடும். ஒருகாலத்தில் இலை இருந்த கணுக்களின் தடம் அது. வெட்டுக்குக் கீழே இருந்த மூன்று மோதிரங்களின் ஓரத்தில், பட்டையைக் கீறிக்கொண்டு கடுகளவு பச்சைப் புள்ளிகள். இலையே இல்லாத பழைய கட்டையிலிருந்து! இச்சியைச் சிபாரிசு செய்வது இதற்காகத்தான். பல ஊசியிலை மரங்களில் இலையில்லாத பகுதிக்கு வெட்டினால் அந்தக் கிளை செத்துவிடும்.

மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் எடுக்க வேண்டாம் என்பது புதியவர்களுக்கு என் யோசனை. அதே பருவத்தில் வேரையும் வெட்ட வேண்டாம். வேர் வளர இலையின் சர்க்கரை வேண்டும், மொட்டு எழ வேரின் உதவி வேண்டும். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் எதை வைத்து எது எழும்?

அப்புறம் கம்பி. அலுமினியக் கம்பி போதும், கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கனம், 45 பாகைச் சாய்வில் சுற்ற வேண்டும். வளைத்ததும் கிளையின் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும். அப்போதே விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். ஆனால் பட்டைக்கு அடியில் கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு அடுக்கு புதுக்கட்டையைச் செய்துகொண்டே இருக்கிறது. அந்தப் புதுக்கட்டை வளைந்த நிலையிலேயே பிறப்பதால் அதற்கு வளைவுதான் இயல்பு. சில மாதங்களில் புது அடுக்கு பழையதைவிடப் பலமாகிறது, கிளை நிற்கிறது. இச்சியில் இதற்கு எதிரான இழுப்பும் உண்டு: கிளையின் மேல்பக்கத்தில் சுருங்கும் தன்மையுள்ள கட்டை உருவாகி அதை மேலே தூக்கப் பார்க்கும். இந்தக் குடும்பத்து மரங்களின் விழுது மண்ணில் ஊன்றியதும் விறைத்து நிற்பதும் இப்படிப்பட்ட கட்டையால்தான்.

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். புரட்டாசியில் கம்பி சுற்றி, மழைக்காலம் முழுக்கப் பார்க்காமல் விட்டுவிட்டேன். மழையில் கிளை பருத்து, கம்பி பட்டைக்குள் புதைந்துவிட்டது. துண்டு துண்டாக நறுக்கி எடுத்தேன். திருகாணி போன்ற அந்தத் தழும்பு இன்றும் முதல் கிளையில் இருக்கிறது. வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள். கம்பி லேசாக அழுந்துவது தெரிந்தால் அன்றைக்கே நறுக்கிவிடுங்கள், சுற்றிப் பிரிக்க வேண்டாம்.

தட்டுக்கு மாற்றும்போது பலர் செடியை இழப்பது தண்ணீரால். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி சொட்டும்! ஸ்பாஞ்ச் அதேதான், உயரம்தான் மாறியது. நுண்துளைகள் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தொட்டி எவ்வளவு உயரம் என்பது அதற்குக் கணக்கில்லை. ஒரு மண் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீரைப் பிடிக்கும் என்றால், 15 சென்டிமீட்டர் தொட்டியில் மேலே பத்து சென்டிமீட்டர் காற்றோட்டம் இருக்கும். 5 சென்டிமீட்டர் தட்டில் மொத்தமும் சேறுதான், வேர் மூச்சு முட்டி அழுகும். துகள் பெரிதானால் இந்த உயரம் குறையும். அதனால்தான் போன்சாய்க்குத் தோட்டமண் ஆகாது. நான் செங்கல்லை உடைத்துச் சலித்து, 3 முதல் 6 மில்லிமீட்டர் துண்டுகளை மட்டும் எடுத்து, கொஞ்சம் மக்கிய எரு சேர்க்கிறேன். தூளைக் கட்டாயம் சலித்துத் தள்ள வேண்டும்.

இலை தானாகச் சிறுத்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். கிள்ளக் கிள்ளக் கிளை பெருகும், ஒவ்வொரு துளிருக்கும் கிடைக்கும் பங்கு குறையும், இலை சிறுக்கும். நல்ல வெயிலும் இதற்கு உதவும். பூவும் காயும் மட்டும் அப்படிச் சிறுப்பதில்லை. ஓரடி எலுமிச்சை போன்சாயில் முழு எலுமிச்சம்பழம் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

தண்டு பருக்கவோ கிள்ளக் கூடாது. தண்டைப் பருக்க வைப்பது இலைகள் கீழே அனுப்பும் உணவு, எனவே இலை அதிகம் வேண்டும். என் இச்சியில் அடியிலிருந்து கிளம்பிய ஒரு சிம்பை ஒருமுறைகூடத் தொடாமல் விட்டிருக்கிறேன். மற்ற கிளைகள் சாண் நீளத்துக்குள் அடங்கியிருக்க, அது மட்டும் மூன்றடிக்கு ஓடி மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது. பார்ப்பவர்கள் எல்லோரும் அதை வெட்டச் சொல்கிறார்கள். அதற்குக் கீழே தண்டு இப்போது என் கட்டைவிரலைவிடப் பருமன். வரும் ஆடியில் வெட்டுவேன். வெட்டப்போகும் இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே, முகப்பக்கம் பார்த்தபடி ஒரு மோதிரக் கோடு இருக்கிறது.