பேப்பரில் வந்துவிட்டால் வேலை முடிந்ததா?

போன வாரம் கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு அம்மா போன் செய்தார். வீட்டுக்கு மேலே இருக்கும் தடுப்புச் சுவர் வெடித்திருக்கிறது, ஒரு மழைக்குத் தாங்காது என்றார். மனு கொடுத்தீர்களா என்று கேட்டேன். "மனு எதுக்குத் தம்பி, நீங்க பேப்பர்ல போட்டாப் போதும்." இந்த மாதம் இப்படிக் கேட்பது இது நான்காவது முறை.

ஊர்க் குறைகளைப் பற்றியே பல வருடமாகப் பத்தி எழுதுகிறேன். அதனால் உரிமையோடு சொல்கிறேன்: என் பத்தி மனு ஆகாது. எந்த ஆபீசிலும் அதற்கு எண் போட்டுப் பதிவு செய்ய மாட்டார்கள். அது அச்சான பிறகு அதிகாரியைக் கேட்டால், "எங்களுக்கு மனு எதுவும் வரலையே" என்பார். அதோடு நான் எழுதியது முடிந்தது. படம் வந்த மறுநாள் ஜீப் வரும், பார்த்துவிட்டுப் போய்விடும். காரியம் நடந்துவிட்டது என்று ஊரும் நம்பிவிடும். அடுத்த மழைக்கு மறுபடி எனக்குப் போன் வரும். மனு எண் மட்டும் கையில் இருந்தால், இந்தத் தேதியில் கொடுத்த மனு என்ன ஆனது என்று நான் விடாமல் கேட்க முடியும்.

2009 நவம்பர் மண்சரிவில் இந்த நீலகிரி மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைப் பார்த்த நாமே சுவர் வெடிப்பைப் பேப்பருக்காக வைத்துக் காத்திருக்கலாமா?

திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். போக முடியாதவர்கள் முதல்வர் உதவி மையத்தின் 1100-க்குப் பேசுங்கள். ஆபத்து நெருங்கிவிட்டால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077. மனுவில் சர்வே எண் இருக்கட்டும். நம் மலையில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வருவாய்த்துறை, அந்தப் பக்கம் வனத்துறை. கூடலூரில் 17-வது பிரிவு நிலம், அதாவது ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தில் உரிமை தீராமல் கிடக்கும் நிலம் என்றால் சிக்கலே வேறு. எண் இல்லாவிட்டால் யாரைக் கேட்பது என்று எனக்கே தெரியாது.

பதில் வரவில்லையா? 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம்தான். இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை.

அப்புறம் என்னிடம் வாருங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அச்சான பிறகு என்னால் எடுக்க முடியாது.

அந்த அம்மாவின் மகன் திங்கட்கிழமை போய் மனு கொடுத்து, எண்ணையும் அனுப்பிவிட்டார். மழை பிடித்தால் ராத்திரி யாரும் அந்த வீட்டில் படுக்க வேண்டாம் என்று மறுபடியும் சொல்லியிருக்கிறேன்.