மூன்றாம் நாள் கேட்க வேண்டிய கேள்வி

"செலவைப் பார்க்க வேண்டாம் டாக்டர், இருப்பதிலேயே பவரான மருந்தாகப் போடுங்கள்." நீலகிரியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நான் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. சொல்பவரின் தவிப்பு புரிகிறது. ஆனால் எந்தக் கிருமியையும் வெல்லும் ஆன்டிபயாட்டிக் என்று ஒன்று கிடையாது.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பின் மூச்சுத்திணறலுடன் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிமோனியா என்று எண்ணி, பலவகைக் கிருமிகளைத் தாக்கும் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக்கை மட்டும் தொடங்குகிறோம். அவருக்கு வந்திருப்பது, புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் பரவும் ஸ்க்ரப் டைபஸாக இருந்தால், அந்த விலையுயர்ந்த ஊசியால் பயனில்லை. மெரோபெனம் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்குவது. ஸ்க்ரப் டைபஸ் கிருமியோ நம் செல்களுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. விலை மலிவான டாக்சிசைக்ளினுக்கு அது கட்டுப்படும். நோய் முற்றியவர்களுக்கு அதனுடன் அசித்ரோமைசினையும் நரம்பு வழியே சேர்த்துக் கொடுப்பது, ஏதேனும் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருவதாக, இந்திய மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் மார்பகத்தின் அடியிலும், சிற்றுண்ணி கடித்த இடத்தில் வரும், சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு உள்ளதா என்று தேடியாக வேண்டும். ஸ்வெட்டரும் கம்பளியுமாக நடுங்கி வருபவரிடம் இந்தத் தேடலை அரைகுறையாக முடித்துவிடும் பழக்கம் உண்டு. நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

இதற்காக மருந்தைத் தாமதப்படுத்த வேண்டும் என்று பொருளல்ல. நோய்த்தொற்றால் இரத்த அழுத்தம் சரிந்தவருக்கு, ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஏற வேண்டும்; அதற்கு முன் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து இனம் காணும் சோதனைக்கு, இரத்தம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். உறவினர்கள், மருந்துக்கடையில் ஏற்கெனவே வாங்கிக் கொடுத்த மாத்திரையின் அட்டையைக் கொண்டுவந்தால் பேருதவி, ஏனெனில் இரண்டு மாத்திரை உள்ளே போயிருந்தாலும் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம்.

உண்மையான சோதனை மூன்றாம் நாள். பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரத்தில் கல்ச்சர் முடிவு வந்துவிடும். மாதிரியைக் கீழே கோவைக்கு அனுப்பும் சிறிய மருத்துவமனைகளில், மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அதுவும் தள்ளிப்போகும். முடிவு வந்ததும், பலவகைக் கிருமிகளையும் தாக்கும் பரந்த வீச்சுள்ள மருந்தை விட்டு, அந்தக் கிருமிக்குரிய எளிய மருந்துக்கு இறங்க வேண்டும். தொற்றே இல்லையெனில் நிறுத்திவிட வேண்டும். தொடங்குவதற்கு இல்லாத தயக்கம் இங்கேதான் வருகிறது. "நன்றாகத்தானே இருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும்" என்று நீட்டிக்கும் ஒவ்வொரு நாளும், நோயாளியின் குடலில் மருந்துக்கு மசியாத கிருமிகள் மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன; கழுவாத கைகள் வழியே அவை அடுத்த கட்டிலுக்குப் போகின்றன. அந்தக் கட்டில்காரருக்குக் கடைசியில் மிஞ்சுவது, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கோலிஸ்டின் போன்ற ஒன்றிரண்டு மருந்துகளே. வென்டிலேட்டரால் வரும் நிமோனியாவுக்குக்கூடப் பெரும்பாலும் 7 நாள் சிகிச்சை போதும்.

எங்கள் பிரிவில், கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயருக்கு அருகே அது எத்தனையாவது நாள் என்றும் எழுதுகிறோம். '3' என்று எழுதப்பட்ட காலையில், ஏன் தொடர வேண்டும் என்பதற்கு யாராவது காரணம் சொல்லியாக வேண்டும். ஊசியை மாற்றிய அன்று, "ஏன் டாக்டர், குறைத்துவிட்டீர்களே?" என்று உறவினர் கலங்கினால், கல்ச்சர் முடிவைக் காட்டி விளக்குவதும் எங்கள் வேலைதான்.