குடும்பிமலை எரிமலையா?

கிரானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: மட்டக்களப்பு மாவட்டத்தின் குடும்பிமலை அணைந்துபோன எரிமலையா? அம்பாறை மாவட்டத்து மகா ஓயாவின் வெந்நீர் ஊற்றுகளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

இரண்டு கேள்விகளுக்கும் என் பதில்: ‘இல்லை’. புவித்தட்டின் விளிம்பிலிருந்து வெகுதூரம் உள்ளே இருப்பதால் இலங்கையில் எரிமலை கிடையாது. மகா ஓயாவில் மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள இயல்பான புவிவெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது. அவ்வளவுதான்.

மலையின் உருவம்தான் எனக்குப் பெருவியப்பு. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அடித்தளம் விஜயன் பாறைத்தொகுதி. வயது ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகள். பல கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி உருவான நைஸ் என்ற பாறை அது. மேலேயிருந்த பாறையை மழையும் ஆறுகளும் அரித்துத் தீர்க்க, சுமை குறைந்தது. ஒரு கிலோமீட்டர் பாறை நீங்கினால் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 260 மடங்கு அழுத்தம் விலகும். ஆனால் பக்கவாட்டு நெருக்கம் முழுதாக விலகுவதில்லை. பன்பாயை இரு முனைகளிலும் பிடித்து நெருக்கினால் நடுப்பகுதி மேலே எழும்புமல்லவா? வளைந்த பாறைமுகமும் அப்படித்தான் வெளிநோக்கித் தள்ளப்படுகிறது. மேற்பரப்புக்கு இணையாகப் பிளவு ஓடி, பாறை தகடு தகடாக உரிகிறது. உரிய உரிய மலை மொட்டையாகி உருண்டை வடிவம் பெறுகிறது.

இந்த வேலை இன்னும் முடியவில்லை. ஆனி மாதக் கச்சான் காற்றில் பகல் வெப்பம் 38 பாகையை நெருங்கும் நாட்களில் பாறையில் வெறுங்கால் வைக்க முடியாது. பத்து மீட்டர் நீளமுள்ள தகடு 25 பாகை சூடேறினால் இரண்டு மில்லிமீட்டர் நீளும். சொற்பம்தான். ஆனால் முனைகள் இறுகியிருந்து, நடுப்பகுதி ஏற்கெனவே அரை மீட்டர் வளைந்திருந்தால், அந்த இரண்டு மில்லிமீட்டர் நடுவை ஏழு மில்லிமீட்டருக்கு மேல் தூக்கிவிடும்! அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள யோசமிட்டி தேசியப் பூங்காவில் பிளவொன்றுக்குள் அளவுகருவி பொருத்திப் பார்த்தார்கள். தகடு பகலில் விலகி இரவில் ஒட்டி, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அசைந்தது. அதே மாநிலத்தின் ட்வைன் ஹார்ட் என்ற ஊரில் 2014 ஆகஸ்டில் ஒரு பாறைக்குன்று வெடியோசையோடு மக்கள் கண்முன்னே பிளந்தது. பாறை முழங்கினால் பூதமும் இல்லை, எரிமலையும் இல்லை, வெயில்தான்.

இப்படி ஓர் அளவுகருவியை நம் பாறைகளிலும் பொருத்த வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில், மலை இருக்கும் அதே மாவட்டத்திலேயே இருக்கிறது. டைட்டேனியம் தரும் இல்மனைட் கனிம மணலுக்குக் கிடைக்கும் கவனத்தில் நூறில் ஒரு பங்கு போதும். விற்க முடியாத கல்லையும் படிக்கப் பணம் ஒதுக்குவதே அறிவியலை மதிக்கும் நாட்டுக்கு அழகு.

நடந்து பார்க்க விரும்புவோர் விடியற்காலையில் புறப்படுங்கள். யானைக்காடு என்பதால் ஊரவர் துணையோடு போங்கள். பருவத்தில் அடிவாரத்தில் கொன்றையும் ஆவாரையும் மஞ்சளாகப் பூத்திருக்கும். பாறைமேல் செடியைக் கண்டால் அதன் அடியைப் பாருங்கள்: பெரும்பாலும் அங்கே ஒரு தகட்டின் விளிம்பு இருக்கும். பிளவில் சேர்ந்த மண்ணும் ஈரமும்தான் அதன் வயல். பல்லிகளும் வௌவால்களும் வெயிலுக்கு ஒதுங்குவதும் அதே இடுக்குகளில். உச்சிவெயிலில் தொங்கும் தகடுகளின் கீழே உட்காராதீர்கள். சிறு கல்லால் பாறையைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இறுக்கமான பாறை. பொள்ளலான ஓசை வந்தால் அந்தத் தகடு கழன்றுவிட்டது, விலகி நடங்கள்.