சைலன்சர் வாங்கும் முன்: ஏடிஎஃப் அனுமதி வேறு, மாநிலச் சட்டம் வேறு

அமெரிக்காவில் துப்பாக்கிக்குச் சைலன்சர் வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தான் குடியிருக்கும் மாநிலத்தின் சட்டத்தை. கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், இல்லினாய், ஹவாய், டெலவேர் ஆகிய 8 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் பொதுமக்கள் அதை வைத்திருக்கக் கூடாது. கனெக்டிகட்டில் வைத்துக்கொள்ளலாம், வேட்டைக்குப் பயன்படுத்த முடியாது.

மாநிலம் அனுமதித்தால், அடுத்தது 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம். இதன்படி பதிவு செய்து அனுமதி தருவது ஏடிஎஃப் (மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு). சைலன்சர், மெஷின் கன், 16 அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள ஷாட்கன் எல்லாம் இதில் அடக்கம். சைலன்சருக்கும் குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கும் இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் இல்லை. வரிதான் போனது, பதிவு அப்படியே இருக்கிறது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பதிவில்லாமல் பிடிபட்டால் 10 ஆண்டு வரை சிறை.

கடையில் வாங்க ஏடிஎஃப்பின் படிவம் 4. அதனுடன் இரண்டு கைரேகை அட்டைகள், 2 அங்குலச் சதுரப் புகைப்படம், உள்ளூர் காவல்துறைத் தலைவருக்கு ஒரு நகல். முழுப் பணம் கட்டியிருந்தாலும் அனுமதி வரும்வரை பொருள் டீலரிடமே இருக்கும். வெளிமாநிலக் கடையில் பிடித்திருந்தால், அது முதலில் உங்கள் மாநில டீலருக்கு வர வேண்டும். தனிநபர் பெயரில் பதிந்தால் நீங்கள் இல்லாதபோது மனைவிகூட அதை எடுக்க முடியாது. பெட்டகச் சாவி அவரிடம் இருப்பதே வம்பு. குடும்பமாகப் பயன்படுத்துவோர் அறக்கட்டளை (டிரஸ்ட்) பெயரில் பதிவதற்குக் காரணம் இதுதான். அப்போது பொறுப்பாளர் ஒவ்வொருவரும் கைரேகை தர வேண்டும்.

"எங்கள் மாநிலத்திலேயே செய்தது, மத்திய அரசுக்கு என்ன வேலை?" என்ற வாதம் செல்லாது. கான்சஸ் 2013-இல் அப்படியொரு சட்டம் போட்டது. அதை நம்பிய இருவர் மத்திய நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள்; மேல்முறையீடும் தோற்றது.

வீடு மாறும்போதும் கவனம் தேவை. டெக்சஸில் முறையாகப் பதிந்த சைலன்சரோடு கலிபோர்னியாவுக்குக் குடிபோனால் அங்கே அது குற்றம், ஏடிஎஃப் தாள் காப்பாற்றாது. குட்டைக் குழல் ரைஃபிளை மாநில எல்லை தாண்டி எடுத்துச் செல்ல, சில நாள் பயணமானாலும், படிவம் 5320.20-க்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். சைலன்சருக்கு அந்தப் படிவம் தேவையில்லை.

எச்-1பி, மாணவர் விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி, தோட்டா, சைலன்சர் எதையும் வைத்திருக்க மத்தியச் சட்டம் விடாது. கிரீன் கார்டு இருந்தால் அந்தத் தடை இல்லை.