‘ஐசோ’ என்றால் சமம். சரி, எதில் சமம்?

ஐசோடோப்பு, ஐசோபார், ஐசோமர், ஐசோதெர்ம். இயற்பியலோ வேதியியலோ வானிலையோ, எந்தப் பாடத்தை எடுத்தாலும் இந்த ‘ஐசோ’ வந்து நிற்கும். ‘ஐசோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சமம் என்று பொருள். அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. எது சமம் என்பதை அதன் பின்னால் வரும் சொல்தான் சொல்லும். அதைப் பிடித்துக்கொண்டால் பல வரையறைகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

‘தெர்மே’ என்றால் வெப்பம். ஒரே வெப்பநிலை உள்ள இடங்களை இணைக்கும் கோடு ஐசோதெர்ம். அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் 1817-ல் இப்படிக் கோடு போட்டுக் காட்டினார்.

ஐசோடோப்பின் கதை இன்னும் சுவையானது. கதிரியக்கத்தை ஆராய்ந்தவர்கள் புதிது புதிதாகத் தனிமங்களைக் கண்டுபிடித்ததாக அறிவித்துக்கொண்டிருந்த காலம் அது. தனிம அட்டவணையில் அத்தனைக்கும் இடம் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அவற்றில் சிலவற்றை வேதியியல் முறையில் பிரிக்கவே முடியவில்லை. தோரியத்திலிருந்து கிடைத்த மீசோதோரியத்தையும் ரேடியத்தையும் கலந்துவிட்டால் அவ்வளவுதான், பிரிக்க முடியாது. கிளாஸ்கோவில் பணியாற்றிய ஃபிரெடெரிக் சாடி, இவை அட்டவணையில் ஒரே கட்டத்துக்கு உரியவை என்றார். மார்கரெட் டாட் என்ற மருத்துவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பெயர்தான் ஐசோடோப்பு. ‘டோப்போஸ்’ என்றால் இடம். 1913-ல் சாடி அதை அச்சில் பயன்படுத்தினார். அணுக்கருவில் இருந்து இந்த எடை வேறுபாட்டுக்குக் காரணமாகும் நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதோ 1932-ல்தான். ஒரே இடத்தில் இருப்பவை ஏன் எடையில் வேறுபடுகின்றன என்ற காரணம் தெரியும் முன்பே பெயர் சரியாக அமைந்துவிட்டது!

‘பாரோஸ்’ என்றால் எடை. வானிலை வரைபடத்தில் ஐசோபார் என்பது சம காற்றழுத்தக் கோடு. அணுக்கருவைப் பற்றிப் பேசும்போது அதே சொல், ஒரே நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் மொத்த எண்ணிக்கை) கொண்ட வெவ்வேறு தனிமங்களின் அணுக்களைக் குறிக்கும்: ஆர்கான்-40, பொட்டாசியம்-40, கால்சியம்-40. எந்தத் துறை என்று பார்த்துப் படிக்க வேண்டும்.

ஐசோமரில் வரும் ‘மெரோஸ்’ என்றால் பங்கு. சில்வர் சயனேட், சில்வர் ஃபல்மினேட் இரண்டிலும் வெள்ளி, கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஒரே விகிதத்தில்தான் உள்ளன. ஆனால் ஃபல்மினேட் லேசாக உரசினாலே வெடிக்கும், சயனேட் அப்படியில்லை. அணுக்கள் இணைந்திருக்கும் வரிசைதான் வித்தியாசம். வோலர், லீபிக் என்ற வேதியியலாளர்கள் தனித்தனியே ஆராய்ந்த இந்தப் புதிரை ஒட்டித்தான் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் 1830-ல் ஐசோமர் என்ற கருத்துக்குப் பெயர் வைத்தார்.

ஐசோடோனில் மட்டும் இந்த வழி உதவாது. ‘டோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு இழுவிசை என்று பொருள். நரம்பில் ஏற்றும் 0.9 சதவீத உப்புக் கரைசலை, இரத்தத்துக்குச் சமமான சவ்வூடு அழுத்தம் கொண்டது என்ற பொருளில் ஐசோடானிக் என்பதில் அந்தப் பொருள் பொருந்துகிறது. ஆனால் அணு இயற்பியலில் ஐசோடோன்கள் என்றால் சம எண்ணிக்கையில் நியூட்ரான் உள்ளவை. கார்பன்-13-லும் நைட்ரஜன்-14-லும் 7 நியூட்ரான்கள். இந்தப் பெயரில் கிரேக்கப் பொருளைத் தேடினால் கிடைக்காது. ஆங்கிலத்தில் ஐசோடோப்பு என்று எழுதும்போது வரும் ‘பி’ என்ற எழுத்து புரோட்டானின் முதல் எழுத்தும்கூட. அதை எடுத்துவிட்டு, நியூட்ரானின் ‘என்’னை அங்கே வைத்தார்கள்.